ஜன்னல் செல்வியின் கையெழுத்து

சிங்கப்பூரில் என்னை யாரும் செல்வி என்று கூப்பிடுவதில்லை. அங்கே நான் மிஸ் ராமசாமி. கடவுச்சீட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதியபோது அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்த ஒருவரின் பெயரை, பழச்சாறு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் நாலைந்து நாட்டுக்காரர்கள் நாள் முழுக்க உச்சரிக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதில்லை.

அந்தக் கர்வத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் வேட்டு வைத்தது.

அனுப்பியவள் பத்தாம் வகுப்பில் என்னோடு படித்தவள். அவள் பெயரும் செல்வி. அவள் அப்பா ராஜமாணிக்கம் என்பதால் அவளும் ரா. செல்விதான். பத்தாவது பாதியிலேயே படிப்பை விட்டவள், இப்போது தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருக்கிறாள். பத்தாவது தேறினால் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தேர்வராக எழுத விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, வேண்டும். கேட்கப் போனால் டிசி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்கிறார்கள். டிசி புத்தகத்தில் கிழிக்காமல் மிஞ்சும் அடிக்கட்டையில் கையெழுத்து இருக்கிறது. அதைத்தான் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

'பாருடி, எவளோ ஒருத்தி என் பேர்ல கையெழுத்து போட்டு வாங்கிட்டுப் போயிட்டா. மூணு தடவை நடந்துட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட அப்ளிகேஷன் முடியுது. விடு, நம்ம ராசி.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'வி'யின் கொக்கியை மேலே சுழற்றி, பின்னால் இழுத்து, பெயர் முழுவதற்கும் குடை பிடித்ததுபோல விட்டிருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படிக் கையெழுத்துப் போடுவாள். நான்.

பதில் எழுதவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

*

செவ்வாய். சிங்கப்பூர் விமான நிலையத்தில் கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கிறது. எங்கள் ஆலையிலும் அப்படித்தான். அப்பாவைக் கைநாட்டு என்று சொல்லிச் சிரித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். இப்போது பட்டம் வாங்கிய நாங்கள் எல்லாரும் கைநாட்டுதான்.

திருச்சியில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "எங்கேருந்துங்க?" என்றார். சொன்னேன்.

"அப்போ தைலம் இருக்கும்."

"இருந்தா?"

"காலையிலேருந்து தலைவலிங்க. மீட்டருக்குச் சம்பந்தம் இல்லாத தலைவலி."

பையைத் துழாவி ஒரு சின்ன புட்டி எடுத்துக் கொடுத்தேன். சிக்னலில் நின்றபோது நெற்றியில் தடவிக்கொண்டார். அதன்பிறகு தில்லை நகர் வரை அந்த வாசனையில் எனக்கும் கண் எரிந்தது.

மருத்துவமனைக்கு எதிரே உள்ள சின்ன ஓட்டலில் உட்கார்ந்து செல்விக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தேன். பச்சைக் கோட்டோடு சாலையைக் கடந்து வந்தாள். நடை மாறவில்லை, எதற்கோ நேரமாகிவிட்ட நடை.

"என்னடி ஜன்னல், சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

பன்னிரண்டு வருடமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரே வகுப்பில் இரண்டு ரா. செல்வி இருந்ததால், எங்கள் வகுப்பாசிரியை கோமளா டீச்சர் உட்கார்ந்த இடத்தை வைத்துப் பெயர் கொடுத்தார். நான் ஜன்னல் செல்வி. அவள் கதவுச் செல்வி. அவள் காந்தி மார்க்கெட்டில் அம்மாவுக்குக் கடை பரப்பிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். சத்தமில்லாமல் நுழைய வசதியாகக் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கலும் வடையும் வந்தன. சிங்கப்பூரிலும் பொங்கல் கிடைக்கிறது. ஆனால் அங்கே மிளகை ஆளுக்கு நாலு என்று எண்ணிப் போடுவார்கள் போல. இங்கே கை தவறிக் கொட்டியதுபோல் இருந்தது.

"வேலை எப்படி இருக்கு?"

"தியேட்டர்ல டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எந்தக் கத்தரின்னு எனக்குத் தெரியும். ஆனா தொடக் கூடாது. தொட்டா, பத்தாவது எங்கம்பாங்க." வடையைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். "நீ எதுக்கு வந்த? உண்மையச் சொல்லு."

"லீவு இருந்துச்சு."

"புளுகாத. உனக்குப் புளுகவே வராது. மூக்கு விடைக்குது பாரு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். மிளகைக் கடித்துக்கொண்டு, "உன் டிசிய வாங்காம நான் ஃப்ளைட் ஏறமாட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

"மூணு தடவை எனக்குக் கொடுக்காதத உனக்குத் தூக்கிக் கொடுக்கப் போறாங்களாக்கும். சிங்கப்பூர் மகாராணி." சிரித்துக்கொண்டே கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

*

புதன். மண்ணச்சநல்லூரில் அம்மா வீட்டிலிருந்து, எங்கள் பள்ளி இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த வேகத்தில் அது ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விட்டது. இன்னொன்று கேட்டதற்கு, "காசு கொடுத்தா வாங்கின, கவலப்படறதுக்கு?" என்றார்.

கொள்ளிடம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி முனகியது. பிறகு நின்றது. டிரைவர் கியர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "எல்லாரும் இறங்கிக்குங்க," என்றார் கண்டக்டர்.

முறுக்கு டின்னோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இறங்குவதாக இல்லை. "ஓசி டிக்கெட்டுன்னா வண்டியையும் ஓசியிலயா வாங்கினீங்க?"

"நானாம்மா கெடுத்தேன்? கவர்மெண்டக் கேளு."

"இங்க நீதான் கவர்மெண்டு. தொப்பி போட்டிருக்கேல்ல?" அவர் தொப்பி எதுவும் போட்டிருக்கவில்லை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் ரயில் மூன்று நிமிடம் தாமதித்தால் நான்கு மொழிகளில் வருத்தம் தெரிவிக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. இங்கே வருத்தம் தெரிவிக்க ஆளில்லை; ஆனால் அடுத்த பஸ் வராததால் பாலத்தில் நடந்தபோது முறுக்கு அம்மா டின்னைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தார். கீழே கொள்ளிடம் மணலாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். அந்தப் பாலத்தில் ஐந்து வருடம் பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, இந்தியாவின் ஆறுகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். கொள்ளிடத்தை மட்டும் படிக்காமலே தெரியும்.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. இப்போதைய தலைமையாசிரியைக்கு என்னைத் தெரியாது. அலுவலக உதவியாளர் அடிக்கட்டைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்து இருக்கேம்மா. அதுக்கு மேல நாங்க என்ன பண்றது?"

"அது என் கையெழுத்து."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

அது உயர்நிலைப் பள்ளி. பத்தாவது முடித்ததும் வேறு பள்ளியில் சேர டிசி வாங்க அப்பாவோடு வந்திருந்தேன். அப்போதிருந்த எழுத்தர் ரா. செல்வி என்று எழுதியிருந்த தாளை நீட்டினார். அப்பா பக்கத்தில் நிற்கிறார். வாழ்க்கையில் எந்தத் தாளிலும் பெருவிரலைத் தவிர வேறு எதையும் வைத்திராதவர். அவர் பார்க்கும்படி அடிக்கட்டையில் குடைக் கொக்கியோடு ஒரு கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் பழகிய கையெழுத்து.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "படிச்சுப் பாத்தியாம்மா?"

அப்புறம்தான் படித்தேன். தந்தை பெயர் ராஜமாணிக்கம் என்றிருந்தது. எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். எனக்குச் சரியானதை எழுதிக் கொடுத்தார். இன்னொரு கையெழுத்துப் போட்டேன். ஆனால் முதல் தாளின் அடிக்கட்டை புத்தகத்திலேயே இருந்துவிட்டது. அதைக் குறுக்கே கோடிட்டு அடிக்க அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

தலைமையாசிரியை பக்கத்தைத் திருப்பி என் இரண்டு கையெழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு குடைகள்.

"சொன்னா போதாது. எழுதிக் கொடுங்க. அந்த வருஷத்துக் கிளாஸ் டீச்சர் வந்து ரெண்டு பேரையும் அடையாளம் சொல்லணும். வாங்கவேண்டிய பொண்ணும் நேர்ல வரணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நான் மீட்டிங் கிளம்பிடுவேன், அதுக்குள்ள." பேனாவை என் பக்கம் தள்ளினார். "எங்க ஆபீஸ் தப்ப நான் எழுதிக்கிறேன். உங்க தப்ப நீங்க எழுதுங்க."

எழுதினேன். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

*

வியாழன். கோமளா டீச்சர் ஸ்ரீரங்கத்திலேயே உத்தர வீதியில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"ரா. செல்வி, டீச்சர்."

"ஜன்னலா, கதவா?"

"ஜன்னல், டீச்சர்."

"தாப்பாள் போடலை. தள்ளிண்டு வா. எழுந்து வரதுக்குள்ள நீ கிளம்பிடுவே."

முழங்கால் அறுவை முடிந்து, நான்கு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே பெரிய கண்ணாடி. கணக்குப் பாடத்தில் சரியான விடை சொன்னால் கையில் மிச்சமிருக்கும் சாக்பீஸ் துண்டைப் பரிசாகக் கொடுப்பார். என்னிடம் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருந்தது. கதவுச் செல்வியிடம் இன்னும் அதிகம். தாமதமாக வந்தாலும் கரும்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடை சொல்லிவிடுவாள்.

"தளிகை ஆயிடுத்து. சாப்டுட்டுதான் பேச்சு."

சாத்தமுது, பொரியலுக்குக் கறமது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மருமகளைப் பரிமாறச் சொன்னார். விகிதம் பாடத்தில் ஒரு நாள், "ஒரு படி சாத்தமுதுக்கு எவ்வளவு புளி?" என்று அவர் கேட்க, வகுப்பே விழித்தது. ரசத்துக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு மாதம் கதவுச் செல்வி மதியச் சாப்பாட்டில் ரசத்தைத் தொடுவதற்கு முன்னால் சாத்தமுதைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வாள்.

சாப்பிட்டபடியே கையெழுத்துக் கதையையும் தலைமையாசிரியை கேட்டதையும் சொன்னேன். டீச்சர் ஆச்சரியப்படவில்லை.

"அட்டெண்டன்ஸ்லயும் ரெண்டு பேருக்கும் நீதானே சொல்லிண்டிருந்தே."

அதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. காலையில் டீச்சர் வருகைப்பதிவு எடுப்பார். முதல் ரா. செல்விக்கு என் குரலில், "உள்ளேன் டீச்சர்." இரண்டாவது ரா. செல்விக்கு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் கனத்த குரலில் இன்னொரு "உள்ளேன் டீச்சர்." முதல் பாடவேளை முடிந்து அவள் வந்துவிடுவாள். யாருக்கும் நட்டமில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து அவள் வரவே இல்லை. நாளைக்கு வருவாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளேன் டீச்சர். மூன்று வாரம். கோமளா டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு: தொடர்ந்து மூன்று நாள் ஒரு பெண் வராவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார். அப்படி எத்தனையோ பேரைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார். கதவுச் செல்வியின் வாசலில் மட்டும் அவர் நிற்கவில்லை. பதிவேட்டில் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

"ரெண்டாவது குரல் ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும். லேட்டா வந்துடுவா, பாவம்னு விட்டுட்டேன். பொங்கலுக்கப்பறம் கணக்கு ரிவிஷனை வேற டீச்சர் எடுத்துண்டா, நான் அட்டெண்டன்ஸோட சரி. வராமலே இருக்கான்னு தெரியறச்சே அவ மார்க்கெட்ல நிரந்தரமா ஒக்காந்தாச்சு."

"சாத்தமுது ஆறிடறது, சாப்பிடு," என்றார். பிறகு, "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆட்டோ கொண்டு வா."

"படிக்கட்டு இருக்கே டீச்சர். நான் ஹெச்எம்மை இங்க வரச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

"கால் என்னோடதுடி. நான் பாத்துக்கறேன். நீ அவகிட்டச் சொன்னியா, இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அத முதல்ல பண்ணு."

*

வெள்ளி. காலை ஆறு மணிக்குக் காந்தி மார்க்கெட். மூட்டை சுமப்பவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே முதுகில் இடித்துவிட்டுப் போனார்கள். நான் வாங்க வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்துவிட்டது போல. ஒருவர், "வேடிக்கை பாக்கறவங்க ஓரமாப் பாருங்க," என்றார்.

கதவுச் செல்வி வேலைக்குப் போகும் முன் அம்மாவின் கடையில் இன்னும் பச்சைமிளகாய் பிரித்துக் கொடுக்கிறாள். எதிரில் குந்தி உட்கார்ந்தேன். முழுவதையும் சொன்னேன். கையெழுத்தை முதலில், உள்ளேனைப் பிறகு.

அவள் கை நிற்கவில்லை. அழுகியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்.

"என் பேரு அவ்ளோ அழகாவாடி இருந்துச்சு, நீயே கையெழுத்து போட்டுக்கற அளவுக்கு?"

உருண்டு வந்த ஒரு மிளகாயை எடுத்து அவள் குவியலில் போட்டேன்.

"மூணு வாரம் நான் ஸ்கூல்ல இருந்திருக்கேன். எனக்கே தெரியாது." இப்போது கை நின்றது. "அப்பா படுத்துட்டாரு. அம்மா கடைய விட்டு நகர முடியல. ஆனா அம்மாகிட்டச் சொல்லி வச்சிருந்தேன், டீச்சர் வந்து கூப்பிட்டா போயிடுவேன், தடுக்கக் கூடாதுன்னு. அம்மா சரின்னுச்சு. யூனிஃபார்மைத் தொவைச்சு மடிச்சு வச்சிருந்தேன். அந்தம்மா எல்லார் வீட்டுக்கும் போவாங்க. என் வீட்டுக்கு மட்டும் வரல. நான் கடைசி பெஞ்சுதான, கணக்குல வரலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"மூணு மணிக்குள்ள ஸ்கூலுக்கு வா. டீச்சரும் வர்றாங்க."

"ட்யூட்டி இருக்கு."

"செல்வி."

"போடி. பத்து நிமிஷம் உன்ன விட்டுத் தள்ளி இருந்தாத்தான் என்னால யோசிக்க முடியும். உனக்குப் பக்கத்துல இருந்தா நீயே எல்லாத்தையும் சொல்லிடுவ."

நான் எழுந்து வந்தேன். பின்னால் அவள் அம்மா, "அந்தப் புள்ள டீ குடிச்சுதா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

*

கோமளா டீச்சர் மாடிப்படி இறங்க இருபது நிமிடம் ஆனது. நானும் ஆட்டோக்காரரும் இரண்டு பக்கமும் நின்றோம். இரண்டு பேரையும் தொடவிடவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆட்டோ நத்தைபோல ஊர்ந்தது. கோயிலில் தாயார் சன்னதிக்குச் சேவிக்கப் போகிறவர்களைப் பார்த்து, "இன்னிக்கு நான் வரலைன்னு சொல்லிடுங்கோ," என்றார் டீச்சர், யாரிடம் என்றில்லாமல்.

இரண்டரைக்குத் தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்திருந்தோம். புதிய டிசி எழுதித் தயாராக இருந்தது. இரண்டே முக்காலுக்கு அவர் கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்குக்கு வண்டி வந்துவிட்டதாக உதவியாளர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

தலைமையாசிரியை தாளை எடுத்தார். அவர் குனிந்தபடியே, அலுவலக வழக்கத்தில், சத்தமாகப் படித்தார்.

"ரா. செல்வி."

என் வாய் திறந்துவிட்டது. பழக்கம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னால் ஒருவேளை தாள் கைக்கு வந்துவிடும். அவள் வராமலே எல்லாம் முடிந்துவிடும், அன்றைக்குப் போல. பக்கத்தில் கோமளா டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரா. செல்வி இல்லையா?"

கதவுப் பக்கத்திலிருந்து மூச்சிரைக்கும் குரல் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

பச்சைக் கோட்டோடு நின்றாள். பதில் தலைமையாசிரியைக்கு; பார்வை கோமளா டீச்சர்மீது. டீச்சர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். "இவதான் கதவு. அவ ஜன்னல். எங்க கேட்டாலும் சொல்றேன்," என்றார். செல்வி போய் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளை மட்டும் தொடவிட்டார்.

அடிக்கட்டையை நகர்த்தினார்கள். நான் இடம் காட்டுவதற்காகக் குனிந்தேன்.

"தள்ளுடி. எனக்குத் தெரியும்."

பேனாவை எடுத்தும் உடனே கையெழுத்துப் போடவில்லை. தாளைப் படிக்க ஆரம்பித்தாள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் என்று ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை கைப்பையை மறுபடி கீழே வைத்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் எழுதினாள். குடையெல்லாம் இல்லை. நேரான, வட்டமான எழுத்துகள், ஒன்றையொன்று தொடாமல்.

நாலேகாலுக்கு இ-சேவை மையத்தில் எங்கள் முறை வந்தது. கணினிக்குப் பின்னாலிருந்த பெண் நிமிராமல், "பேரு?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ரா. செல்வி," என்றாள் அவள். "ரா-ன்னா ராஜமாணிக்கம். மாத்திக் கீத்திப் போட்டுறாதீங்க."